டெஸ்ட் சிவப்பானபோது மேட்சர் என்ன சொன்னது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

உட்துறைமுகம்

திருகோணமலையில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதுகிறவர்கள் நாம் கொஞ்சப் பேர்தான். கொழும்புக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள், இங்குள்ள கடைகளுக்கும் சங்கங்களுக்கும் செய்து கொடுக்கிறவர்கள், கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள். டெஸ்ட் (நம் கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சிறு கோட்) எழுத, ஜாவாவுக்கான ஹாம்கிரெஸ்ட் மாதிரி ஒரு மேட்சர் லைப்ரரி, அதாவது வந்த விடை எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லும் தொகுப்பு, உண்மையில் தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். "கோட் வாசிக்க அழகாக இருக்கும்" என்ற பதில் எனக்குப் போதாது. டெஸ்ட் பச்சையாக, அதாவது பிழையில்லாமல், ஓடும்வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சிவப்பானால்தான் வாசிப்போம், அதுவும் பெரும்பாலும் அதை எழுதாத ஒருவர். அந்த நேரத்தில் மேட்சர் உங்களுக்கு என்ன சொன்னது? அதை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

விடுதிகளையும் படகுச் சவாரிகளையும் ஊர்வாரியாகத் தேடும் ஒரு தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தோம். ஊர்ப் பட்டியலில் "திருகோணமலை" இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட். பழைய முறையில், உண்மையா பொய்யா என்று மட்டும் பார்க்கும் அசெர்ட்-ட்ரூ போட்டு, உள்ளே பட்டியலில் இது இருக்கிறதா என்று கேட்கும் ஜாவாவின் கன்டெய்ன்ஸ். அது விழுந்தது. திரையில் வந்தது அசெர்ஷன் எரர் என்ற பெயரும் ஒரு வரி எண்ணும் மட்டும். பட்டியல் வெறுமையா, கோப்பே வாசிக்கப்படவில்லையா, வேறு ஊர்கள் வந்தனவா, ஒன்றும் தெரியாது.

குழுவில் இருந்த தம்பி அந்த வரியை, மேட்சரை ஏற்கும் அசெர்ட்-தட், அதற்குள் இது பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஹேஸ்-ஐட்டம் மேட்சர் என்று மாற்றி மறுபடி ஓட்டினார். இப்போது ஹாம்கிரெஸ்டின் வழக்கமான இரண்டு பகுதிகள் வந்தன. எதிர்பார்த்தது: "திருகோணமலை" உள்ள ஒரு தொகுப்பு. வந்தது: "மூதூர்", "கிண்ணியா", "திருகோணமலை", "குச்சவெளி".

எதிர்பார்த்த சொல் வந்த பட்டியலிலேயே நிற்கிறது! எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த ஒரு செய்தியிலேயே பாதி வழி முடிந்துவிட்டது. கோப்பு வந்திருக்கிறது, ஊர் வந்திருக்கிறது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது, கணினிக்கு வேறாகத் தெரிகிறது. அப்படியென்றால் எழுத்துக்குள்தான் ஏதோ இருக்கிறது.

இருந்தது "கோ"வில். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் (எண் 3019) வைக்கலாம், இரட்டைக் கொம்பையும் (3015) துணைக்காலையும் (3006) இரண்டு குறியீடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே "கோ". யூனிகோடின் கணக்கிலும் இரண்டும் சமமானவை. ஆனால் இரண்டு சொற்கள் சமமா என்று பார்க்கும் ஜாவாவின் ஈக்வல்ஸ் ஒவ்வொரு குறியீடாகத்தான் ஒப்பிடும். நாம் தட்டிய "திருகோணமலை"யில் 10 குறியீடுகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டு வந்த கோப்பில் 11. "கொ", "கோ", "கௌ" வரிசையில் வருகிற எந்தச் சொல்லுக்கும் இது நடக்கலாம். கொட்டியாரம், கோணேஸ்வரம், எல்லாமே இந்த வலைக்குள் விழும்.

அப்புறம் இதற்கென்றே ஒரு மேட்சர் எழுதினோம். ஹாம்கிரெஸ்டின் டைப்-சேஃப்-மேட்சர் என்ற அடிப்படை வகுப்பை நீட்டித்து மூன்று மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு): பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்று, என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்ல ஒன்று, பொருந்தாவிட்டால் ஏன் என்று சொல்ல ஒன்று. என் கணிப்பில் உயிர் மூன்றாவதில்தான் இருக்கிறது. இப்போது அது விழுந்தால் இப்படிச் சொல்கிறது: "பார்வைக்கு ஒன்றுதான், எதிர்பார்த்தது 10 குறியீடு, வந்தது 11, 6ஆவது இடத்தில் 3019 இருக்க வேண்டும், 3015உம் 3006உம் இருக்கின்றன." இதை வாசிப்பவருக்கு எங்களைத் தேடி வரவேண்டிய தேவையே இல்லை.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மேட்சர் இரண்டு வடிவங்களையும் "சரி, பரவாயில்லை" என்று ஏற்பதில்லை. அப்படி ஏற்றால் டெஸ்ட் பச்சையாகிவிடும், ஆனால் தேடுகிறவருக்கு ஊர் கிடைக்காது. திருத்தம் செய்ய வேண்டிய இடம் கோப்பு உள்ளே வரும் வாசல். அங்கே ஜாவாவின் நோர்மலைசர் வகுப்பால் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். மேட்சர் ஒப்பிடுவதில் கறார், விளக்குவதில் தாராளம்.

கிண்ணியாப்பாலம்

அண்ணா சொன்ன "கோ" விஷயம் எங்களுக்கும் வந்தது, ஆனால் நான் எழுதப்போவது காசைப் பற்றி.

மீனவர் சங்கம் ஒன்றுக்குப் பங்குக் கணக்கு செய்து கொடுத்தோம். பிடித்த மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ் செலவைக் கழித்து மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். ஜாவாவில் காசுக்கு, தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்-டெசிமல். அதன் ஈக்வல்ஸ் 1500.0ஐயும் 1500.00ஐயும் வேறு வேறு என்றுதான் சொல்லும், ஏனென்றால் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இடங்களையும் அது கணக்கில் எடுக்கிறது. அந்த ஈக்வல்ஸையே பாவிக்கும் ஈக்வல்-டூ மேட்சரைப் போட்டால் டெஸ்ட் விழும். கம்பேர்ஸ்-ஈக்வல்-டூ போட்டால் பெறுமதியை மட்டும் பார்க்கும். இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

மனதில் நிற்பது வேறொன்று. மூன்று பேருக்கு 1000 ரூபாய் பிரித்தால் ஆளுக்கு 333.33. ஒவ்வொரு பங்கையும் பார்த்த டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. அதன்பிறகு பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமமா என்று கம்பேர்ஸ்-ஈக்வல்-டூ கொண்டு ஒரு வரி சேர்த்தோம். வந்த செய்தி: எதிர்பார்த்தது 1000.00க்குச் சமமான ஒரு பெறுமதி, ஆனால் 999.99, 1000.00ஐ விடக் குறைவாக இருந்தது.

"குறைவாக இருந்தது" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். "பொய்" என்று மட்டும் சொல்லியிருந்தால் நாங்கள் கோடைத்தான் நோண்டியிருப்போம். குறைவு என்றதும் கேள்வி மாறிவிட்டது: அந்த ஒரு சதம் யாருக்கு? அது கணினிக்காரர் முடிவெடுக்கிற விஷயம் இல்லை. சங்கத்தின் பொருளாளர் நானாவிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். "மிச்சம் சங்கத்துக்கு, அதைத் தனி வரியாகக் காட்டுங்கோ" என்றார். விதி அப்படியே டெஸ்டுக்குள் போனது.

மீனின் நிறைக்கு மட்டும், கிட்டத்தட்டச் சமமா என்று பார்க்கும் க்ளோஸ்-டூ பாவிக்கிறோம். தராசிலிருந்து வருவது டபுள் எண் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் வகை), 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. க்ளோஸ்-டூவுக்கு எவ்வளவு விலகலாம் என்று நாம் சொல்ல வேண்டும், விழுந்தால் அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு விலகியது என்று அது சொல்லும். ஆனால் தயவுசெய்து காசுக்கு க்ளோஸ்-டூ போடாதீர்கள். பிடித்த மீனுக்குரிய காசு "கிட்டத்தட்ட" வந்தால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

சீனக்குடா ரயில்

சின்ன அனுபவம். ஹாம்கிரெஸ்டின் கன்டெய்ன்ஸ் என்றால் "இதுவும் இருக்கிறது" என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். அது முழுப் பட்டியலையும் அதே வரிசையில் கேட்கும். ஒன்று கூடினாலும் விழும், இடம் மாறினாலும் விழும். ஒழுங்கு முக்கியமில்லை என்றால் கன்டெய்ன்ஸ்-இன்-எனி-ஓர்டர். சிலது இருந்தால் போதும் என்றால் ஹேஸ்-ஐட்டம்ஸ்.

நாங்கள் இந்த மூன்றையும் வேண்டுமென்றே பிரித்துப் பாவிக்கிறோம். ரயில் பாதையில் திருகோணமலைக்கு அடுத்து சீனக்குடா, பிறகு தம்பலகாமம், பிறகு கந்தளாய். அங்கே வரிசை மாறினால் பிழை, ஆகவே கன்டெய்ன்ஸ். ஒரு விடுதியில் உள்ள வசதிகள் எந்த ஒழுங்கில் வந்தால் என்ன. டெஸ்டை வாசித்தாலே எது முக்கியம் என்று தெரிந்துவிடும். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தங்கச்சி ஒருவர் யாரிடமும் கேட்காமல், டெஸ்டை மட்டும் பார்த்தே அந்த விதியைப் பிடித்துக்கொண்டார்.

வெந்நீர்க்கிணறு

எல்லோரும் ஹாம்கிரெஸ்டையே புகழ்கிறீர்கள், அதனால் மற்றப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

ஜாவாவில் டெஸ்ட்களை ஓட்டும் ஜேயூனிட்டின் 4.4 பதிப்பில், 2007இல், அசெர்ட்-தட் உள்ளே வந்தது, கூடவே ஹாம்கிரெஸ்டின் மையப் பகுதியும். பிறகு 4.13இல் அந்த மெத்தடை ஒதுக்கி, ஹாம்கிரெஸ்டில் உள்ளதையே நேரடியாகப் பாவிக்கச் சொன்னார்கள். ஜேயூனிட் 5இல் அசெர்ட்-தட் கிடையாது. வேண்டுமானால் ஹாம்கிரெஸ்ட், அசெர்ட்ஜே, ட்ரூத் போன்ற லைப்ரரி ஒன்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் நாங்கள் அசெர்ட்ஜேக்குப் போனோம். காரணம் எளியது. அசெர்ட்-தட் என்று எழுதி ஒரு புள்ளி வைத்தால் அந்த வகைக்கு எது பொருந்துமோ அதையெல்லாம் எடிட்டரே காட்டுகிறது. ஹாம்கிரெஸ்டில் மேட்சரின் பெயர் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதை இம்போர்ட்டும் செய்ய வேண்டும். கன்னியாவில் என் வீட்டு மேசையில் இரண்டு பயிற்சியாளர்கள் பக்கத்தில் இருந்து எழுதுவதைப் பார்த்தேன். அசெர்ட்ஜே எழுதியவர் தானாகவே கண்டுபிடித்துப் போனார், மற்றவர் ஒவ்வொரு பெயருக்கும் தேடிக்கொண்டிருந்தார்.

செய்தியின் தரத்தில் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அசெர்ட்-ட்ரூவிலிருந்து வெளியே வருவதுதான் பெரிய மாற்றம்.

உட்துறைமுகம்

வெந்நீர்க்கிணறு சொல்வது நியாயம், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அசெர்ட்ஜேயைக் காட்டுவேன். ஆனாலும் ஹாம்கிரெஸ்டைத் தெரியாமல் இருக்க முடியாது. டெஸ்டுக்கு உதவும் வேறு ஜாவாக் கருவிகளும் அதை ஏற்கின்றன: ரெஸ்ட்-அஷ்யூர்ட்டில் வலைச் சேவையின் பதிலின் உள்ளடக்கத்தைச் சோதிக்கும்போது, ஸ்பிரிங்கின் மொக்-எம்விசியில் ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) பதிலுக்குள் ஓர் இடத்தைப் பார்க்கும்போது, அவெய்ட்டிலிட்டியில் ஒன்று நடக்கும்வரை காத்திருக்கும்போது, நீங்கள் ஹாம்கிரெஸ்ட் மேட்சரைக் கொடுக்கலாம். மேட்சர் ஒரு தனிப் பொருளாக இருப்பதால்தான் இது முடிகிறது. "திருகோணமலை" மேட்சரை ஒருமுறை எழுதினோம், அதையே ஹேஸ்-ஐட்டத்துக்குள்ளும் வைத்தோம், மொக்-எம்விசிக்குள்ளும் வைத்தோம்.

கோணேசபுரி மாணவி

நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், என்னுடையது பைத்தன் பக்கம். அங்கே பைஹாம்கிரெஸ்ட் இருக்கிறது. செயற்திட்ட மதிப்பீட்டின்போது விரிவுரையாளர் ஒரு டெஸ்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். என் குழு நண்பர் எழுதியிருந்தது: எல்லாம் பொருந்த வேண்டும், அதற்குள் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும், அதற்குள் இது இல்லாமல் இருக்க வேண்டும், அதற்குள் இன்னொரு இல்லை. வாசித்து முடிக்க மூச்சு முட்டியது. கேட்டவர்கள் யாருக்கும் விளங்கவில்லை.

விரிவுரையாளர் அந்த மேட்சர்களின் கூட்டுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னார். "செல்லுபடியாகும் முன்பதிவு" என்று பெயர் வைத்து ஒரு மெத்தடாக வெளியே எடுத்தோம். டெஸ்டில் ஒரு வரி: முன்பதிவு, செல்லுபடியாகும். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம், இரண்டு அடுக்குக்கு மேல் போனால் பெயர் வைத்துவிடுவோம்.

ஒரு கேள்வி அண்ணா. நாமே எழுதும் மேட்சர் தரும் செய்தி சரியாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? டெஸ்ட் விழும்வரை காத்திருக்க வேண்டுமா?

உட்துறைமுகம்

நல்ல கேள்வி தங்கச்சி. காத்திருக்க வேண்டாம், மேட்சருக்கே டெஸ்ட் எழுதுங்கள். ஜாவாவில், செய்தியை எழுத்தாகச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரிங்-டிஸ்கிரிப்ஷன் என்ற வகுப்பு ஹாம்கிரெஸ்டோடே வருகிறது. வெற்று டிஸ்கிரிப்ஷன் ஒன்றை உருவாக்கி, மேட்சரின் டிஸ்கிரைப்-மிஸ்மேட்சுக்கு (ஏன் பொருந்தவில்லை என்று சொல்லும் மெத்தட்) தவறான பெறுமதியோடு சேர்த்துக் கொடுத்தால், விழும்போது வரப்போகும் செய்தி எழுத்தாக உங்கள் கையில் கிடைக்கும். அதில் "10 குறியீடு", "வந்தது 11" என்ற துண்டுகள் இருக்கின்றனவா என்று கன்டெய்ன்ஸ்-ஸ்ட்ரிங் கொண்டு பாருங்கள். பைஹாம்கிரெஸ்டிலும் இதே பெயரில் இதே வசதி இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். தவறான பெறுமதியாகக் கொடுக்கும் "திருகோணமலை"யைக் கீபோர்டில் தட்டாதீர்கள், உங்கள் கீபோர்டு சேர்ந்த வடிவத்தையே தரக்கூடும். குறியீட்டு எண்களைக் கொடுத்து அந்தச் சொல்லைக் கோடிலேயே கட்டுங்கள், க-வுக்குப் பின் 3015, பிறகு 3006.