சூழல் முத்திரையா, சூழற்சுமைச் சிட்டையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உணவுப் பொட்டலங்களில் இடம்பெறும் சுற்றுச்சூழல் லேபிளுக்குப் ‘பசுமைச் சிட்டை’ என்ற சொல் இந்த இழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. கேட்க இனிமையாக இருந்தாலும் பொருள் இடிக்கிறது. பிரான்சில் 2021இல் அறிமுகமான ஈக்கோ ஸ்கோர் என்ற லேபிள், உணவை ஏ (A) முதல் இ (E) வரை தரம் பிரித்து, சூழலை மிகுதியாகப் பாதிப்பதன் மேல் சிவப்பு நிறத்தில் இ என்று காட்டியது. அதையும் பசுமைச் சிட்டை என்போமா? தவிர, நம் கடைகளில் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கிறது. அந்தக் குழப்பம் வேறு வந்து சேரும்.

அதற்கு மாற்றாகச் சொல்லத்தக்க ‘சூழல் முத்திரை’ என்பதை நான் முழுமையாக மறுக்கவில்லை. ஆனால் அக்மார்க், ஐஎஸ்ஐ வழியாக நமக்குப் பழகிய முத்திரை, தேறிய பொருளுக்கு மட்டுமே கிடைப்பது. இயற்கை வேளாண் விளைபொருள்களுக்கான ஜைவிக் பாரத் சின்னத்துக்கு அது பொருந்தும். நல்லதையும் கெட்டதையும் ஒருசேர அளந்து காட்டும் லேபிளுக்குப் பொருந்தாது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று; வாங்குவோரின் நடத்தையிலும் அது தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் ஒரு மளிகைக் கடையில் 37 பொருள்களுக்குக் கரிம உமிழ்வு குறைவென்றால் பச்சை, நடுத்தரமென்றால் மஞ்சள், மிகுதியென்றால் கறுப்பு என அடையாளமிட்டு ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கறுப்பு அடையாளப் பொருள்களின் விற்பனை 6 விழுக்காடு குறைந்தது, பச்சை 4 விழுக்காடு கூடியது; பச்சைப் பொருளே விலையிலும் மலிவாக இருந்த இடத்தில் விற்பனையில் 20 விழுக்காடு கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. (விலைதான் எங்கும் முதல் லேபிள் போலும்!) முத்திரை மட்டும் இருந்திருந்தால் அந்தக் கறுப்புக்கு இடமே இருந்திருக்காது. மாறாக, 2007இல் பிரிட்டனில் வாக்கர்ஸ் நிறுவனத்தின் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில் கரிம உமிழ்வு ‘75 கிராம்’ என்று அச்சிட்டபோது, அது அதிகமா குறைவா என்று அறிய வாங்குபவரிடம் ஒப்பீடு எதுவும் இல்லை.

ஆகவே சான்றளிக்கும் சின்னத்துக்குச் ‘சூழல் முத்திரை’ என்றும், பாதிப்பை அளந்து சொல்வதற்குச் ‘சூழற்சுமைச் சிட்டை’ என்றும் இரு சொற்களை முன்மொழிகிறேன். ‘சிட்டை’ தமிழ்நாட்டில் மண்டிக் கணக்கை நினைவூட்டும் என்பது உண்மையே. ஆயினும் ‘விலைச்சிட்டை’ என்ற சொல்வழக்கு ஏற்கெனவே இருப்பதால் பெரிய தடையாகத் தோன்றவில்லை. உமிழ்வை மட்டும் குறிப்பதைக் ‘கரிமச்சுமைச் சிட்டை’ எனலாம். ‘சுமை’ என்பதைவிடத் ‘தடம்’ (footprint) பொருத்தம் என்று கருதுவோர் காரணத்துடன் எழுதுக.