நிதி திரட்டுவதற்காக மாரத்தான் ஓடுவது பற்றி

கேள்வி:
தொண்டு அமைப்பு ஒன்றுக்காக முதன்முறையாக முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஓட விரும்புகிறேன். அமைப்பின் வழியாக இடம் பெற்றால் குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக உறுதியளிக்க வேண்டும் என்கிறார்கள். ஏற்கலாமா? பயிற்சிக்கு எவ்வளவு காலம் வேண்டும்?

மறுமொழி 1:
விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். தொகை குறைந்தால் மீதியை நீங்களே கட்ட வேண்டுமா, காயத்தால் ஓட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. நன்கொடை உங்கள் சொந்தக் கணக்குக்கு வராமல் நேரடியாக அமைப்புக்கே சென்று, கொடுப்பவருக்கு உடனே ரசீது கிடைக்குமாறு ஏற்பாடு செய்துகொண்டால், பின்னர் வீண் பேச்சுக்கு இடமிருக்காது.

மறுமொழி 2:
ஏற்கெனவே ஓடிப் பழகியவர் என்றால் 16 முதல் 20 வாரங்கள் ஒதுக்குங்கள். வாராந்திர நீண்ட ஓட்டத்தைப் படிப்படியாக 30 கிலோமீட்டர் வரை உயர்த்தி, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறையுங்கள். புதுக் காலணியைப் போட்டி நாளன்று அணிய வேண்டாம்.

மறுமொழி 3:
1980-இல் செயற்கைக் காலுடன் கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கிய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் கிடைக்க வேண்டும் என்றே விரும்பினார். நீங்களும் சிறு தொகையாகவே, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். குழுவில் போடும் பொது வேண்டுகோளைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள்.