மூன்றாவது ஸ்ட்ரைக், பந்து தரையில் பட்டுவிட்டது: பேட்டர் அவுட்டா இல்லையா?

கேள்வி:
வணக்கம். 12 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பால் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். போன மேட்சில் கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் முன்னால், ரெண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். பேட்டர் மட்டையை வீசினாள், படவில்லை, மூன்றாவது ஸ்ட்ரைக். பந்து ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் பக்கத்தில் தரையில் இருக்கும் தட்டு) சற்று முன்னால் தரையில் குத்தி எழும்பி, பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் எங்கள் கேட்சரின் கிளவுஸுக்குள் போனது. மேட்ச் முடிந்தது என்று அவள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு பந்தைப் பிட்சர் பக்கம் உருட்டிவிட்டாள். அதற்குள் பேட்டர் ஓட, மற்றவர்களும் ஓட, ரெண்டு ரன் வந்து தோற்றோம். பேட்டர் அவுட் இல்லை என்று அம்பயர் சொல்லிவிட்டார். பந்து கிளவுஸில்தானே இருந்தது? அப்புறம், முதல் பேஸில் ஆள் இருந்தால் பேட்டர் ஓட முடியாது என்றல்லவா சொல்வார்கள்? பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அவளுக்குச் சரியாக விளக்க வேண்டும்.

பதில் 1:
அம்பயர் சொன்னது சரிதான் சார். தரையில் பட்ட பிறகு கிளவுஸுக்குள் போனால் அது கேட்ச் ஆகாது, எவ்வளவு சுத்தமாகப் பிடித்தாலும் சரி. மூன்றாவது ஸ்ட்ரைக் கேட்ச் ஆகாவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். நீங்கள் சொல்லும் விதி பாதிதான். முதல் பேஸில் ஆள் இருந்து, ரெண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால் பேட்டர் நேராக அவுட். ரெண்டு அவுட் ஆகிவிட்டால் முதல் பேஸில் ஆள் இருந்தாலும் ஓடலாம்.

பதில் 2:
இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று. அந்தப் பிள்ளை பந்தை எங்கேயும் எறிந்திருக்கவே வேண்டாம். பேட்டர் ஓடும் உரிமை பெற்றதும் முதல் பேஸில் இருப்பவள் இடம் விட்டாக வேண்டும், அவளால் ரெண்டாவது, அவளால் மூன்றாவது. அப்போது மூன்றாவது பேஸ் ரன்னர் ஹோமுக்கு வந்தே ஆக வேண்டியவள், இதைத்தான் ஃபோர்ஸ் என்பார்கள். அவள் வருவதற்குள் பந்தோடு ஹோம் பிளேட்டை மிதித்திருந்தால் போதும், மேட்ச் முடிந்திருக்கும். ஒரே ஒரு எட்டு! முதலில் இதைச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு முதல் பேஸுக்கு எறிய வேண்டும் என்று மட்டும்தான் தெரியும், பதற்றத்தில் எறிந்து பந்து ரைட் ஃபீல்டுக்குப் போய்விடும்.

பதில் 3:
சிறு வயதுப் பிரிவுகளில் சில லீக்குகள் இந்த விதியையே வைப்பதில்லை, உங்கள் போட்டி விதிகளை ஒரு தடவை பாருங்கள். அடுத்து, எதிர்ப்பக்கச் சூழ்நிலையையும் சேர்த்தே பழக்குங்கள். ஒரு அவுட், முதல் பேஸில் ஆள், மூன்றாவது ஸ்ட்ரைக் கீழே விழுகிறது. பேட்டர் அவுட்தான், ஆனால் ஆசையில் ஓடுவாள், கேட்சர் ஏமாந்து முதல் பேஸுக்கு எறிவாள், மற்ற ரன்னர்கள் அந்தச் சந்தில் முன்னேறிவிடுவார்கள். பந்து உயிரோடுதான் இருக்கிறது, அதாவது ஆட்டம் நிற்கவில்லை, அதை மறக்கக் கூடாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஹோம் பிளேட்டை மிதிப்பது எனக்கே தோன்றவில்லை, அவளைச் சொல்லி என்ன பயன். நேற்று பயிற்சியில் வேண்டுமென்றே பந்தைத் தரையில் குத்திப் போட்டோம், ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் கேட்சரே எத்தனை அவுட், எங்கே ஆள் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏழாவது எட்டாவது தடவை அவள் பந்தைக் கிளவுஸோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு பிளேட்டில் இடது காலை ஊன்றினாள், மாஸ்க் தலையிலேயே இருந்தது. இன்னொரு சந்தேகம்: மூன்றாவது ஸ்ட்ரைக்கில் பந்து மட்டையை லேசாக உரசி நேராக கிளவுஸுக்குள் போனால்?

பதில் 2:
அது ஃபவுல் டிப். தரையில் படாமல் பிடித்துவிட்டால் ஸ்ட்ரைக் அவுட், ஓட இடமே இல்லை. உரசிய பந்து பிடிபடாமல் கீழே விழுந்தால் வெறும் ஃபவுல், பேட்டர் திரும்பவும் நிற்பாள். ரெண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அவள் பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) செய்யப் போய் அது ஃபவுல் ஆனால் மட்டும் அவுட்.