கனடாப் புகையை ஐரோப்பா சுவாசித்ததா?

செங்கதிர்: “2023 ஜூன் இறுதியில் கனடாவின் காட்டுத்தீப் புகையை ஐரோப்பா முழுவதும் சுவாசித்தது, செயற்கைக்கோள் படமே சாட்சி” என்று முகிலன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போர்ச்சுகல், ஸ்பெயின் வரை புகை போனதை நான் மறுக்கவில்லை. அது எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் போனது என்பதுதான் கேள்வி. மேலிருந்து எடுத்த வண்ணப் படத்தில் தரையை ஒட்டிய புகையும் விமானம் பறக்கும் உயரத்துப் புகையும் ஒரே பழுப்புப் படலமாகத்தான் தெரியும்.

முகிலன்: கியூபெக்கில் கிளம்பிய புகை நியூயார்க்கை மூடியதை கோஸ்-16 செயற்கைக்கோள் 5 நிமிடத்துக்கு ஒரு படமாகக் காட்டியது, ஜூன் 7 அன்று அந்நகரின் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியது. அங்கே மூச்சுத் திணற வைத்த கனடாப் புகை, கடல் கடந்ததும் சாம்பிராணியாக மாறிவிட்டதா?

செங்கதிர்: 400 என்ற எண்ணைத் தந்தவை தரையில் நின்ற கருவிகள், கோஸ்-16 அல்ல. தரை முதல் வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதைத்தான் அதனால் சொல்ல முடியும். மூக்கு இருப்பதோ அடியில், இரண்டு மீட்டருக்குள். உயரத்தை அறிய, 2006-இல் ஏவப்பட்டு 2023-இல் பணி முடிந்த கலிப்சோ செயற்கைக்கோளைப் போல லேசர் ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்த வேண்டும். அதுவும் தன் பாதைக்கு நேர் கீழே உள்ள மெல்லிய கீற்றை மட்டுமே காட்டும். சென்ற ஆண்டு மேகத்துக்கு அம்புக்குறி போட்டுப் புகை என்று காட்டியவருக்கு இது புரியுமென்று எதிர்பார்த்தது என் தவறு.

முகிலன்: அந்த மேகத்தை இன்னும் எத்தனை ஆண்டு சுமப்பீர்கள்?

பனைநிலம்: அந்த ஜூன் 7-இல் நான் நியூ ஜெர்சியில் இருந்தேன். பிற்பகலில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. சன்னல்களைச் சாத்தியிருந்தும், அடுப்பில் எதையோ தீய விட்டுவிட்டோமோ என்று என் மனைவி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தார்.

செங்கதிர்: வருந்துகிறேன். ஆனால் நியூ ஜெர்சி ஐரோப்பாவில் இல்லை.

நுண்ணோக்கி: இருவரும் வண்ணப் படத்தை வைத்தே வாதிடுகிறீர்கள். கோஸ்-16-இன் 16 அலைவரிசைகளில் பச்சையே கிடையாது. நீலம், சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகியவற்றிலிருந்து பச்சையைக் கணக்கிட்டுத்தான் சேர்க்கிறார்கள்.

முகிலன்: அப்படியானால் படமே பொய்யா? நீங்கள் செங்கதிரின் இன்னொரு கணக்கா?

நுண்ணோக்கி: பத்தாண்டுகளாக இங்கே எழுதுகிறேன். இந்த அவமானம் தேவைதான்.

செங்கதிர்: பச்சை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? புகை பெரும்பாலும் உயரத்திலேயே இருப்பதால் தரைமட்டக் காற்றைப் பெரிய அளவில் பாதிக்காது என்று ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை அப்போதே தெரிவித்தது.

முகிலன்: ‘பெரிய அளவில்’ என்றால் கொஞ்சமாவது பாதிக்கும் என்றுதானே பொருள்? கொஞ்சம் சுவாசித்தாலும் சுவாசித்ததுதான்.

செங்கதிர்: ‘முழுவதும்’ என்று எழுதியவர் ‘கொஞ்சம்’ வரை இறங்கிவிட்டார், புகைதான் இறங்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் உயரம் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

முகிலன்: நான் எங்கும் இறங்கவில்லை. அதே படத்தை இன்னும் பெரிதாக்கிக் கீழே இடுகிறேன், கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.