மாலை போட்ட மூன்றாம் நாள் இரவு

தேனிக்காரி:
கார்த்திகை ஒன்றாம் தேதி என் கணவர் மாலை போட்டார். முந்தின நாள் வரை தினமும் இரண்டு குவார்ட்டர், 14 வருடப் பழக்கம். குருசாமி காலில் அவர் விழுந்து எழுந்தபோது நானும் பிள்ளைகளும் அழுதேவிட்டோம். மறுநாள் கை நடுங்கியது. பச்சைத் தண்ணீரில் குளித்ததால் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு கறுப்பு வேட்டியை உதறிக்கொண்டே நின்றார். "எறும்பு ஏறுகிறது, விளக்கைப் போடு" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வேட்டியில் ஒன்றும் இல்லை. ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது என்று பயந்து, திருநீறு பூசி, சரணம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் என்னைப் பார்த்து "நீங்கள் யார்?" என்றார். அதன் பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். பிழைத்துவிட்டார். ஆனால் திருநீறும் கையுமாக நான் உட்கார்ந்திருந்த அந்த நான்கு மணி நேரம் இன்னும் என்னை விடவில்லை.

வைகைக்கரை:
சகோதரி, மாலையைக் குறை சொல்லாதீர்கள். என் அப்பா மாலை போட்டுத்தான் விட்டார், 11 வருடமாகிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அரிவாள்மனையை அவர் பக்கம் நகர்த்தி, பஜ்ஜிக்கு வாழைக்காய் நறுக்கச் சொன்னாள். நறுக்கினார். இன்றும் ஆறு மணி என்றால் அவர் அடுப்படியில்தான் இருப்பார்.

ஓய்வுபெற்ற செவிலி:
வைகைக்கரை, அவர் மாலையைக் குறை சொல்லவே இல்லை, மறுபடி படியுங்கள். உங்கள் அப்பாவுக்கு உடம்பு தாங்கியது, எல்லோருக்கும் தாங்காது. நான் வார்டில் இருந்தபோது ஒருவர் சுவரில் இல்லாத பல்லியை இரவு முழுக்க விரட்டினார். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இப்படி நினைவு தடுமாறலாம். உயிரே போகலாம். ஆகவே முதல் வாரம் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். சாப்பாடு இறங்காமல் குடித்தவர்களுக்கு பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸ் ஏற்றுமுன் அதைப் போடுவார்கள், எனவே குடிப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குடியை வெறுக்க வைக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கவே கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடம்பு தேறிய பிறகுதான் தூக்கம், வேலை, கடன், பழைய நண்பர்கள் என்று மற்றதெல்லாம் வரிசையாக வரும். அங்கே விரதமும் துணை, ஆலோசகரும் துணை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள், 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியவை, இங்கே தமிழிலேயே நடக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அதேபோல அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. தேனிக்காரி, நீங்கள் உங்களுக்காகவே போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் போதைப் பழக்கத்துக்கான அரசு உதவி எண் 14446ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.

தேனிக்காரி:
சனிக்கிழமை கூட்டத்துக்கு அவர் போகிறார், எனக்குத்தான் தயக்கம். வைகைக்கரை, உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த ஆறு மணிக்கு அவர் கை நடுங்கவில்லையா? இவர் கையில் அரிவாள்மனையைக் கொடுக்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.