அப்பா மேல் கோபம் என்றால் வரைபடம் கூடவா வேண்டாம்?

மலைநடை:
காட்டில் செத்துப்போன அமெரிக்க இளைஞன் கிறிஸ் மெக்கான்ட்லெஸ் வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பித்தான், அதனால் அவன் அலாஸ்கா காட்டுக்குள் போனதைக் குறை சொல்லக் கூடாது என்று வெண்ணிலா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 1992 ஏப்ரலில் நாலரை கிலோ அரிசியோடு போனான். ஜூலையில் ஊர் திரும்ப முயன்றால் டெக்லனிகா ஆற்றில் வெள்ளம். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் கம்பிவடத்தில் ஓடும் கூடை இருந்தது, கையால் இழுத்தே அக்கரை போயிருக்கலாம். நல்ல வரைபடம் இல்லை, அதனால் தெரியவில்லை. அப்பா கெட்டவர் என்றால் வரைபடம் வாங்கக் கூடாதா?

வெண்ணிலா:
அப்பா இரண்டு குடும்பம் நடத்தியதை மறைத்தவர். வீட்டில் அடி உதை நடந்ததை அவன் தங்கையே 2014-இல் நூலாக எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு வாருங்கள், வரைபடம் அப்புறம்.

மலைநடை:
அதே வீட்டில்தானே தங்கையும் வளர்ந்தார்? அவர் காட்டுக்குப் போகவில்லையே. வரைபடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கருவேலன்:
அவன் பசியால் சாகவில்லை, காட்டில் அவன் தின்ற விதையில் இருந்த நஞ்சுதான் காரணம் என்றும் ஆய்வு செய்திருக்கிறார்கள். அது போகட்டும், அந்தக் கூடை அன்று எந்தக் கரையில் நின்றது என்று நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

மலைநடை:
எந்தக் கரையில் நின்றால் என்ன, அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்பதுதான் பேச்சு! போன மாதம் கூடார விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நுழைந்து திசைதிருப்பினீர்கள்.

கருவேலன்:
கூடார விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி.

வெண்ணிலா:
24 வயதுப் பையன், உதவி கேட்டுச் சீட்டு எழுதி, காட்டில் அவன் தங்கியிருந்த பழைய பேருந்தில் ஒட்டிவிட்டுச் செத்திருக்கிறான். உங்களுக்குக் கூடையும் வரைபடமும்தான் கண்ணில் படுகிறதா?

மலைநடை:
ஆமாம், அதுதான் படுகிறது, ஏனென்றால் அவன் கதையைப் புனிதமாக்கி அந்தப் பேருந்தைப் பார்க்கப் போனவர்களில் 2010-இல் ஒரு பெண், 2019-இல் ஒரு பெண், இருவரும் அதே ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள், கடைசியில் 2020-இல் பேருந்தையே ஹெலிகாப்டரில் தூக்க வேண்டி வந்தது. வீட்டைவிட்டுப் போகட்டும், நான் தடுக்கவில்லை. 1990-இலேயே பெற்றோரை விட்டு வந்துவிட்டானே! இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றியபோது எந்த அப்பா துரத்தினார்?

வெண்ணிலா:
அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு அப்பா பின்னால் வரத் தேவையில்லை. உங்களுக்குப் புரியாது.

மலைநடை:
என் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அதை இழுக்காதீர்கள். வரைபடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கருவேலன்:
கூடை எந்தக் கரையில்?