ஐஆர்ஏ பணத்தில் தனியார் தொழில்: கை சுடும் இடங்கள்

அமெரிக்காவில் பழைய வேலையின் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை, முதலீட்டை நாமே தேர்ந்தெடுக்கும் சுயநிர்வாக ஐஆர்ஏவுக்கு (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) மாற்றி, தெரிந்தவர் கம்பெனியில் பங்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில். ஒப்பந்தத்தில் வாங்குபவர் நீங்கள் அல்ல. "இன்ன டிரஸ்ட் கம்பெனி, இன்னார் ஐஆர்ஏவுக்காக" என்று கணக்கை வைத்து நடத்தும் கஸ்டோடியன் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். முன்பணத்தைக்கூடச் சொந்த செக்கில் கொடுக்காதீர்கள். 401(கே) பணம் உங்கள் கைக்கு வந்தால் 20% வரிக்குப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்; கஸ்டோடியனுக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். கஸ்டோடியன் ஒத்துக்கொண்டதால் முதலீடு நல்லது என்று ஆகிவிடாது. அவர்கள் பார்ப்பது காகிதத்தை மட்டும்.

* * *

பெயரைவிட உறவுமுறைதான் பெரிய வம்பு. வரிச் சட்டத்தின் 4975-ஆம் பிரிவுப்படி கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகன், மருமகள் யாரோடும் அந்தக் கணக்கு கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மருமகனுக்குக் கடன் கொடுத்தால் தப்பு, தம்பிக்குக் கொடுத்தால் இல்லை! ஆனால் தம்பி கம்பெனியில் நீங்களே சம்பளம் வாங்குகிறீர்கள் என்றால் வக்கீலைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

எல்லோரும் மறப்பது ஜாமீன் கையெழுத்து. 2013-இல் வரி நீதிமன்றம் தீர்த்த பீக் வழக்கில், ஐஆர்ஏக்கள் வாங்கிய கம்பெனியின் கடனுக்குக் கணக்குக்காரர்கள் சொந்த ஜாமீன் நின்றார்கள். அது போதும், கணக்குகளின் வரிச்சலுகை போய்விட்டது. தப்பு நடந்த ஆண்டின் ஜனவரி 1 அன்றே மொத்தப் பணத்தையும் எடுத்ததாகக் கணக்கு. தப்பில் சிக்கிய பங்கை மட்டும் அல்ல. பாரம்பரிய ஐஆர்ஏ (பணத்தை எடுக்கும்போது வரி கட்டும் வகை) என்றால் வருமான வரி. வயது 59½ ஆகவில்லை என்றால் அதற்கு மேல் 10%.

* * *

தொழிலின் வடிவத்தையும் பாருங்கள். எஸ் கார்ப்பரேஷனில் (லாபத்துக்குக் கம்பெனி அல்ல, பங்குதாரர்களே வரி கட்டும் வகை) ஐஆர்ஏ பங்குதாரராக முடியாது. சேர்த்தால் அந்தக் கம்பெனியின் எஸ் தகுதியே போகும். தானே வரி கட்டும் சி கார்ப்பரேஷன் தரும் டிவிடெண்டில் தொல்லை இல்லை. வரிக்குப் பார்ட்னர்ஷிப்பாகக் கருதப்படும் எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) நடத்தும் ஹோட்டலோ கடையோ என்றால் உங்கள் பங்கு லாபம் கே-1 என்ற வரிப் படிவத்தில் வரும். அந்த வகை மொத்த வருமானம் 1,000 டாலரைத் தொட்டால் ஐஆர்ஏவுக்கென்று தனி இஐஎன் (வரி அடையாள எண்) வாங்கி 990-டி என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வரி, டிரஸ்ட்களுக்கான விகிதத்தில்: 2025-இல் 15,650 டாலருக்கு மேல் 37%. அதையும் ஐஆர்ஏவிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பதால் கொஞ்சம் ரொக்கம் ஒதுக்கி வையுங்கள்.

* * *

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. ஐஆர்ஏ தங்கத்தை வீட்டு லாக்கரில் வைக்கலாம் என்று விளம்பரம் வரும், நம்பாதீர்கள். 2021-இல் மெக்நல்டி வழக்கில், எல்எல்சி வழியாக வாங்கி வீட்டில் வைத்த அமெரிக்கன் ஈகிள் நாணயங்களைக் கணக்கிலிருந்து எடுத்ததாகவே நீதிமன்றம் கொண்டது.

வயதானவர்களுக்கு வேறு தலைவலி. 73 வயதிலிருந்து பாரம்பரிய ஐஆர்ஏவில் ஆண்டுதோறும் குறைந்தபட்சத் தொகை எடுத்தாக வேண்டும், தவறினால் எடுக்காமல் விட்ட தொகைக்கு 25% அபராதம். தனியார் பங்கை நினைத்த நேரத்தில் விற்க முடியாது. வேறு பாரம்பரிய ஐஆர்ஏவில் ரொக்கம் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து அதிலிருந்தே எடுக்கலாம். இல்லாவிட்டால் பங்கில் ஒரு பகுதியையே உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். கஸ்டோடியன் ஆண்டுதோறும் 5498 படிவத்தில் மதிப்பைக் காட்ட வேண்டியிருப்பதால், டிசம்பர் 31 மதிப்பைத் தருவதாகக் கம்பெனியிடம் பணம் போடும் முன்பே எழுதி வாங்குங்கள்.